கதவுக்குத் தெரிந்த ஆள்

மறுவாழ்வு மையத்தில் தொண்ணூறு நாள் இருந்து குடியை விட்டுத் திரும்பிய சந்தியாகு, வீட்டுக் கதவில் ஊதினான்.

"தாங்கள் யார்?" என்றது கதவு.

மூச்சை வைத்து ஆளை அறிகிற கதவு அது. பொருத்திய அன்று அவன் ஊதியது முழுப் போதையில். அதற்குப் பிறகும் ஒருநாள்கூடத் தெளிவாக ஊதியதில்லை.

மனைவி ஜெசிந்தா உள்ளிருந்து திறந்துவிட்டாள். கூசிப்போய் அவனே கம்பெனிக்குப் போன் போட்டான்.

"பதிவை மாத்திரலாம் சார். பழைய மூச்சுல ஒரு தடவை ஊதிக் காட்டணும், அவ்வளவுதான்."

சந்தியாகு செருப்பைத் தேடினான். "ஒரே ஒரு தடவைதான், ஜெசி. அதுவும் கதவுக்காக."

பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டுப் புளித்த பேச்சு. கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து, கதவைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.