மிர்லான் இப்போது உங்கள் கடையில் இருக்கிறார்

'மிர்லான் இப்போது உங்கள் கடையில் இருக்கிறார்' என்றது போன். ஷெகெர் கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடையில் மொத்தமே நாலு பேர். அதில் மிர்லான் இல்லை.

"இன்னிக்கும் ஏமாத்திட்டான், படுபாவி!"

மூன்று வாரமாக இதே கூத்துதான். பகல் ஒரு மணி ஆனால் போதும், செக்-இன் மட்டும் டாண் என்று வந்துவிடும். ஆளைக் காணோம்.

அதற்கு முன்னால் இரண்டு வருஷம் மிர்லான் நேரில்தான் வந்தான். ஓஷ் நகரத்துக்குப் போகும் மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறவன். உட்கார்ந்ததும் இரண்டு கிண்ணம் லக்மான் கேட்பான். இழுத்த மாவு நூலை உறிஞ்சிக்கொண்டே, "உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்க்கா!" என்று கடை அதிரக் கத்துவான். உடனே படம் எடுத்து, போன் வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் போடுவான். அதைப் பார்த்துவிட்டு பிஷ்கெக் நகரத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் தேடி வருவார்கள். பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தச் சந்துக் கடைக்கு அவனுடைய செக்-இன்தான் பலகை.

இப்போது அதுவே வினையாகிவிட்டது. வராத ஆளை வந்ததாகக் காட்டுகிறாள் என்று எதிர்க்கடைக்காரன் புகார் கொடுத்துவிட்டான். காலையில் வரைபடக் கம்பெனியிலிருந்து போனில் எச்சரிக்கை வந்திருந்தது: 'மாலை ஆறு மணிக்குள் அந்த வாடிக்கையாளர் உங்கள் கடையில் இருக்கும் படத்தை அனுப்பவும். தவறினால் உங்கள் கடை வரைபடத்திலிருந்து நீக்கப்படும்.'

வரைபடத்தில் இல்லையென்றால் இந்தக் காலத்தில் கடையே இல்லை. ஷெகெருக்கு ஐம்பத்திரண்டு வயது. நின்று நின்று கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இனிமேல் போய் இன்னொரு பிழைப்பைத் தேட உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

நேற்று, மிர்லானோடு வேன் ஓட்டுகிற ஒருவன் சாப்பிட வந்தபோது விசாரித்துப் பார்த்தாள். "அவனா? ரூட்டு மாறிட்டான்க்கா" என்று கிண்ணத்தைப் பார்த்தே சொன்னான். பாதி சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். சொல்லி வைத்த மாதிரி எல்லாருக்கும் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது கடையில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் வெள்ளைத் தொப்பிக் கிழவர்கள். சேர்ந்தாற்போல அவர்கள் உள்ளே நுழைந்தபோதே ஷெகெர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்க மறந்து நின்றுவிட்டாள். சாவுச் செய்தியை இங்கே யாரும் போனில் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, மழையையும் பனியையும் பேசிவிட்டு, அப்புறம்தான் மெல்ல வாயைத் திறப்பார்கள். அவள் புருஷன் போன சேதி அப்படித்தான் வந்தது.

"ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? டீ குடிக்கத்தான் வந்தோம்" என்று சிரித்தார் ஒரு கிழவர்.

அசட்டுச் சிரிப்போடு டீயை வைத்துவிட்டு வந்தவள்தான். இப்போது ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு மிர்லானின் பதிவைத் திறந்தாள். ஆவி பறக்கும் ஒரு கிண்ணம் லக்மான். கீழே, 'சூடா சாப்பிடறேன் அம்மா. போன்ல பேச்சு சரியா கேக்கல, அதான் எழுதறேன்.' அதற்குள் மாஸ்கோவில் வேலை பார்க்கும் அவன் அம்மாவிடமிருந்து பதிலும் வந்திருந்தது. 'அவசரப்படாம மென்னு தின்னு கண்ணு.'

ஷெகெர் படத்தை உற்றுப் பார்த்தாள். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருந்தது.

அந்த உடைந்த கிண்ணத்தை அஞ்சு நிமிஷம் முன்னால் அவளே கொண்டுபோய் வைத்தாள், மூலை மேசைப் பெண்ணுக்கு. கொஞ்ச நாளாக தினமும் வருகிற பெண். ஒரு கிண்ணம் வாங்குவாள், வாயில் வைக்கமாட்டாள், ஆறவிட்டுக் காசை வைத்துவிட்டுப் போவாள். பிடிக்கவில்லையென்றால் எதற்கு வருகிறாள் என்று ஷெகெர் பலமுறை முணுமுணுத்ததுண்டு.

விறுவிறுவென்று மூலை மேசைக்குப் போனாள். மேசையில் இரண்டு போன்கள். ஒன்றில் கழுகுப் படம் போட்ட உறை, மிர்லானுடையதேதான். அதன் கண்ணாடி சில்லுச் சில்லாக நொறுங்கியிருந்தது.

"இது மிர்லான் போனாச்சே. நீ யாரு?"

"தங்கச்சி. பெர்மெத்."

மூன்று வாரத்து எரிச்சலெல்லாம் ஷெகெருக்கு ஒரேயடியாகப் பொங்கி வந்தது. "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என் பொழைப்புல மண்ணள்ளிப் போடறீங்களா? அந்த மகாராசனுக்கு இந்தச் சந்துக்குள்ள வர கால் வலிக்குதாமா? தங்கச்சிய அனுப்பி படம் எடுக்கச் சொல்றானா?"

பெண் அந்தப் போனைக் கையால் மூடிக்கொண்டாள். கிழவர்கள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷெகெர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன், நான் அவனுக்கு என்னம்மா குறை வெச்சேன்? ஆறு மணிக்குள்ள ஒரே ஒரு தடவை வந்து இங்க நிக்கச் சொல்லு. ஒரு போட்டோ, அவ்வளவுதான். காசு வேணாம், ரெண்டு கிண்ணம் நானே போடறேன். இல்லேன்னா கடைய மூடிட்டு நான் தெருவுல நிக்கணும்."

பெர்மெத் நிமிரவில்லை. ஆறிக்கொண்டிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி, மூச்சு மாதிரிச் சொன்னாள்.

"அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க. அன்னிக்குத்தான் பெரியவங்க எல்லாம் வீட்டுக்கு வந்து அவங்க பக்கத்துல உக்காரப் போறாங்க. அதுவரைக்கும் அண்ணன் தினமும் இங்க சாப்பிட்டாகணும்க்கா."