குவிந்த விரல்கள்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் கழுத்துத் தழும்பைப் பார்க்கிறீர்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ராய்னாவின் கதை.

ராய்னாவின் கையில் நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ரொடோப்பி மலைப் பெண்களுக்குக் கழுத்துக் கழலை புதிதில்லை. முந்தின நாள்தான் அவளுக்கும் எனக்கும் அறுத்து எடுத்திருந்தார் டாக்டர் கலாபோவ்.

பட்டை இறுகியது.

ராய்னாவின் விரல்கள் தாமாக நகர்ந்தன. ஒன்றையொன்று தேடிப் போய், கட்டை விரலோடு கூம்பாகக் குவிந்து நின்றன.

எங்கள் கோயிலில் சிலுவை போட மூன்று விரலைக் குவிப்போமே, அதேபோல.

மகனை ஆறு கொண்டுபோன நாளிலிருந்து கோயில் வாசலை மிதிக்காதவள் ராய்னா. கட்டிலருகே நின்றிருந்த அவள் அக்கா ஸ்டோய்னாவின் கையிலிருந்த தயிர்ச்சட்டி கீழே விழுந்து உடைந்தது.

"மாதாவே! என் தங்கச்சி சிலுவை போடுறா! ஏய் பொண்ணே, அவளைத் தொடாத, கும்புடட்டும்!"

நர்ஸைத் தள்ளிவிட்டு அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எனக்கும் புல்லரித்துப் போயிற்று.

அப்புறம்தான் ராய்னாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் இறுகிக் கிடந்தது. தொண்டையில் சேவல் கூவுவது போல ஒரு சத்தம். மூச்சு உள்ளே போகவில்லை.

நான் போட்ட கூச்சலில் கலாபோவ் ஓடி வந்தார். அன்று காலைதான் ராய்னாவின் தலையணைக்கடியிலிருந்த மாதா படத்தை உருவி, "இது ஆஸ்பத்திரி, மடம் இல்ல" என்று ஸ்டோய்னாவிடம் எறிந்தவர்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல, தள்ளும்மா! ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போச்சு. நரம்புக்கு அதுதான் காவல். காவல் போனா, பட்டை இறுக்கினதுமே நரம்பு தன்னிஷ்டத்துக்கு விரலை இழுக்கும்."

சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. அந்தச் சத்தைக் காக்கிற பருப்பளவு சுரப்பிகளைக் கழலையோடு சேர்த்து அறுத்துவிட்டது தன் கத்திதான் என்று அவருக்குத் தெரியும்.

நர்ஸ் ரத்தக் குழாயில் மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தினாள். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். கலாபோவ் ராய்னாவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்து! துடிப்பைக் காணோம்!"

அறையில் யாரும் அசையவில்லை. உடைந்த சட்டியிலிருந்து தயிர் மட்டும் மெல்லப் பரவியது.

"...துடிக்குது. இனி மெதுவா கொடு."

விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ராய்னா காற்றை இழுத்தாள். பிறகு அழுதாள்.

"அப்போ, அவ கும்புடலையா?" என்றாள் ஸ்டோய்னா.

"இல்லம்மா. வெறும் சுண்ணாம்பு."

ஆனால் என் கட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அந்த "நிறுத்து"வுக்கும் "துடிக்குது"வுக்கும் நடுவே, அவர் வலது கை குழலைப் பிடித்திருந்தது. இடது கையை முதுகுப்பக்கம் மறைத்திருந்தார். மூன்று விரல்கள் குவிந்து, வெளுத்துப் போகுமளவு அழுந்தியிருந்தன.

அந்தக் கையில் பட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் குவிகிற விரல்களெல்லாம் பிள்ளைகளுக்கு ரொட்டி பிட்டு ஊட்டவே குவியட்டும்.