கம்ப்யூட்டருக்குப் பிடித்த கியர்பாக்ஸ்

மலைப்பாதையில் ஓடும் வாடகைக் கார் ஒன்றில், கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் இயங்கிய பழைய கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஆறு கியர் ஆட்டோமேடிக்கை மாட்டினார்கள். முதல் மேட்டிலேயே அது எஞ்சினுக்கு மூச்சு வாங்காமல் காரை ஏற்றிவிட்டது.

ஆனால் காரின் கம்ப்யூட்டர், "பெல்ட் எங்கே?" என்று சிவப்பு விளக்கைப் போட்டது.

"அதோட இடத்துக்குத்தாங்க நான் வந்திருக்கேன்," என்றது ஆட்டோமேடிக்.

"அது வேலை செஞ்சதே தெரியாது. நீ கியர் மாத்துனா குலுங்குது."

"குலுங்கினாலும் ஏறுதில்ல?" என்றது எஞ்சின்.

விளக்கு அணையவில்லை. தன்னையும் கழற்றிவிடுவார்களோ என்று ஆட்டோமேடிக்குக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் அது நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டு, மேடு வந்தும் கீழ் கியருக்கு மாற்றவே இல்லை. குலுக்கம் நின்றது. விளக்கும் அணைந்தது.

"இப்பத்தான் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கே," என்றது கம்ப்யூட்டர்.

கார் பாதி மேட்டில் நின்றுகொண்டிருந்தது.