ரெஜினாவின் மன்னிப்புப் படிவம்

வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்பதைச் சட்டசபை தடைசெய்து இரண்டு வருடமாகிறது. வாய்தவறிக் கேட்டுவிட்ட பிள்ளை மன்னிப்புப் படிவம் எழுதித் தரவேண்டும்: தன் கேள்வியால் நாட்டுக்கு விளையும் தீங்குகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி இருளப்பன் படிவங்களைப் புரட்டப் புரட்ட, ஏழாம் வகுப்பு ஆசிரியை பூங்கோதை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ரெஜினாவின் படிவத்தில் வந்து நின்றார்.

‘கேள்வி: ஆற்றுத் தண்ணீர் ஏன் நுரைக்கிறது? தீங்கு: நூலகத்தில் தேடினேன், ஆற்றங்கரைக்கும் போய்ப் பார்த்தேன். கேள்வியால் ஒரு தீங்கும் இல்லை. நுரையால்தான் இருக்கிறது. ஆதாரம்: பாட்டிலில் இணைத்துள்ளேன்.’

“இப்படியெல்லாம் எழுத யாரு டீச்சர் சொல்லிக்குடுத்தது?”

“உங்க படிவம்தான் சார். இல்லன்னா அதுல ஏன் ஆதாரம் கேக்கணும்?” என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளே ‘ஏன்’ என்று கேட்டுவிட்டாள்.

இருளப்பன் அதைக் கவனிக்கவில்லை. பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார்.

“எங்க வீட்டுக் குழாய்லயும் இதேதான் வருது,” என்றார் மெதுவாக. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“எனக்கும் காலிப் படிவம் ஒண்ணு குடுங்க டீச்சர்.”