குடைப் பை

"நவமணிக்கா, ஒரு மாசமாச்சுலா. இன்னிக்கும் விலை போகலன்னா உங்க பையை இறக்கிடணுமாம். துணியைப் பிரிச்சு வேற பை தைக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க," என்றாள் கடையில் விற்பனை பார்க்கும் நஜ்லா, போனில்.

நவமணி தையல் மெஷினை நிறுத்தினாள். ரப்பர் தோட்டம் மூடி வேலை இழந்த பெண்களுக்காக, லாப நோக்கமில்லாமல் நடக்கும் கைப்பைக் கடை அது. கடை மலேசியாவின் ஈப்போ டவுனில். நவமணி இருக்கும் தையல் கூடம் பக்கத்து ஊரான சிம்பாங் பூலாயில். இத்தனை வருஷமாக யாரோ வரைந்து கொடுத்ததைத்தான் தைத்தாள். முதன்முதலாக அவளே யோசித்து உருவாக்கிய பை இது. அதைப் போய்ப் பிரிப்பதா?

"கொஞ்சம் முன்னால தள்ளி வச்சுப் பாரேன்மா."

"எங்க வச்சாலும் அதே கதைதான்கா. பக்கத்துல நீளமா ஒரு பாக்கெட் தொங்குதே, அது எதுக்குன்னு யாருக்கும் புரியல. 'வாழைப்பூ வைக்கவா'ன்னு ஒரு ஆன்ட்டி கேக்குறாங்க!"

"அட கடவுளே! குடை வைக்கிறதுக்குலா! ஒரு குடையைச் சொருகிக் காட்டு."

கொஞ்ச நேரத்தில் நஜ்லா படம் அனுப்பினாள். கடைக் கண்ணாடிக்குள் மற்ற பைகள் ஒன்றுகூட இல்லை. ஒரு நாற்காலி, கீழே ஈரச் செருப்பு, நாற்காலியில் நவமணியின் பை, நீளப் பாக்கெட்டில் சிவப்புக் குடை. மழையிலிருந்து யாரோ இப்போதுதான் வந்தது போல இருந்தது. கெட்டிக்காரிதான்!

வீட்டில் மகேந்திரனிடம் நவமணி இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவி பை தைக்கப் போகிறாள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. விற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம். விற்காவிட்டால் வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்வாரே!

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அது விடுவதற்குள் போன் அடித்தது.

"அக்கா, போயிருச்சு! மழைக்கு ஒதுங்குன ஒரு அங்கிள் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. 'அதைக் குடும்மா'ன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு. இனிமே உங்க பையை நெறய தைக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க!"

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். அதுதானே பெருமை! சாயங்காலம் மறுபடி பிடித்த மழையில் தொப்பலாக நனைந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டே, குனோங் ராபாட்டில் இருக்கும் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மேசைமேல் அவள் பை இருந்தது.

மனசு பொசுக்கென்று போய்விட்டது. எப்படியோ விஷயம் தெரிந்து, பாவம் பார்த்து வாங்கியிருக்கிறார்!

"யாரு சொன்னா உங்ககிட்ட?" என்றாள்.

"என்னத்த சொல்லணும்? டவுன்ல மழைக்கு ஒதுங்குனேன், கண்ணுல பட்டுச்சு," என்ற மகேந்திரன் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். "நீதான் தினம் குடையை மறந்துட்டு இப்படி நனைஞ்சு வாரியே. இங்க பாரு, குடைக்குன்னே தனியா ஒரு பாக்கெட் வச்சிருக்கு. இதைத் தச்ச பொம்பளையும் உன்ன மாதிரி மறதிக்காரி போல!"