மீதி வட்டம்

தமயந்தி விரும்பிக் கேட்டு முதுகில் சுட்டுக்கொண்ட வட்டம் ஆறிக்கொண்டிருந்தது. சூடு போட்டவள் அதை முழுதாகப் போடவில்லை. பழுக்கக் காய்ந்த தகட்டைச் சிறு சிறு கோடுகளாக வைத்து, நடுநடுவே இடைவெளி விட்டிருந்தாள். “மீதிய ஒடம்பே போட்டுக்கும். நாம போட்டா அசிங்கமாயிடும்,” என்றாள். சேராமல் நிற்கும் இடத்தில் மறுபடி சுட வேண்டியிருக்கும். அன்று தமயந்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் ரூபனுக்கு அதை இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை. தினமும் அவன்தான் புண்ணை வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, களிம்பு தடவினான். “பாத்திரமா தேய்க்கிற? மெதுவாடா,” என்பாள். “பேசாம குனி,” என்பான். பொருக்கு உதிர உதிர, இளஞ்சிவப்புத் தழும்புகள் இரு பக்கமிருந்தும் ஒன்றையொன்று தேடி நீண்டன. யாரும் வழி சொல்லாமலே, வளைய வேண்டிய இடத்தில் வளைந்தன. தோள்பட்டையருகே மட்டும் எள்ளளவு இடைவெளி மூடாமல் நின்றது. “மூடலைன்னா மறைக்காம சொல்லிடு. போய் இன்னொரு சூடு வாங்கிக்கறேன்,” என்றாள். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பார்க்கவே அவனுக்குத் துணிவு வரவில்லை. ஒரு காலையில் கைகளைக் கழுவித் துடைத்து, கண்களை மூடிக்கொண்டு, மேடிட்டிருந்த தழும்பின் மேல் விரல்நுனியை வைத்து மெல்ல நகர்த்தினான். “சேந்துடுச்சா?” என்று கேட்டாள். அவன் விரல் எங்கும் இடறாமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. “ரூபா, இப்ப எங்க இருக்க?” “தெரியல,” என்றான். அவனால் நிறுத்த முடியவில்லை.