வடக்கு வாயிலில் நாற்பத்தொரு மாடுகள்

2017 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கென்யாவின் லைக்கிப்பியாவில், தனியார் வனவிலங்குக் காப்பகத்தின் வடக்கு வாயிலில், எங்கள் நாற்பத்தொரு மாடுகள் நாக்கு வறண்டு நிற்கின்றன. கம்பிவேலிக்கு அப்பால், நீர்த்துறையின் ஓரத்தில், வெள்ளைக் குடைகளின் கீழ் விருந்தினர் யானைகளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய கோப்பைகளில் பனிக்கட்டிகள் கிணுகிணுக்கின்றன. வாயிற்காவலன் லெகிஷோன் எங்கள் குலத்துப் பிள்ளை. சீருடையிலும் வழக்கத்தை மறவாமல், மூத்தவள் உச்சியைத் தொட்டு வாழ்த்துவாள் என்று, மாடுகளை ஓட்டிவந்த சிமாலோயின் முன் தலை குனிகிறான். அவளுடைய கை அசையவில்லை. “அவங்க எடுக்கிற படத்துல மாடு விழுந்தா அவங்களுக்குப் பிடிக்காது, பெரியம்மா. சாயங்காலம் வாங்க.” “சாயங்காலம்வரைக்கும் இந்தக் கன்னு உசுரோட இருக்கும்னு அந்தக் குடைக்காரங்க எழுதிக் குடுப்பாங்களா? நிமிருடா. எங்க மாட்டை மறிக்கிற தலைய நான் தொடமாட்டேன்.” லெகிஷோன் நிமிரவில்லை, குனிந்தபடியே இடுப்பில் சாவியைத் தேடுகிறான். இறுதியில் முடிவானது இதுதான்: வாயில் இப்போதே திறக்கப்படும், மாடுகள் முதலில் குடிக்கும், விருந்தினர் காத்திருப்பார்கள்.